நாதஸ்வரத்துக்குப் பின்னால் ஒரு ஜப்பான் கார்

எங்கள் வலியசாலைத் தெருவில் ஒரு ஜப்பான் கார் இருக்கிறது. பந்தயத்தில் ஓடுகிற ஜாதி. இரண்டு பேர் உட்காரலாம். ஒருவர் ஓட்டுவதற்கு, இன்னொருவர் வருத்தப்படுவதற்கு. மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் போகும் என்று அதன் சொந்தக்காரன் வெங்கிடேஷ் சொல்வான். நான் பார்த்தவரை அது வேகமாகப் போனது ஒரே ஒரு தடவைதான். அன்றைக்கு அதை லாரி மேல் ஏற்றிக் கட்டியிருந்தார்கள்.

வெங்கிடேஷ் பக்கத்து வீட்டு வாலாம்பாளின் ஒரே பிள்ளை. கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. வேலைக்குக் கம்பெனி பஸ்ஸில்தான் போவான். காரில் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது என்பான். நான் கல்யாணங்களுக்குச் சமைக்கிறவன். அஞ்சாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒட்டுறவு விட்டுப்போனது. உனக்குக் காரைப் பற்றி என்ன தெரியும் பிச்சுமணி என்று யாரும் கேட்கலாம். எட்டு வருஷமாக அது என் வீட்டுச் சுவரோரம்தான் நிற்கிறது. நிற்கிற காரைப் பற்றி என்னைவிட அதிகம் தெரிந்தவர் இந்த ஊரில் கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து திரும்பிய ஒருவர் கூடவே கப்பலில் கொண்டுவந்த கார் அது. மேலே மடக்கி வைக்கிற துணிக்கூரை. வருஷத்தில் பாதி நாள் மழை பெய்கிற ஊருக்கு இதைவிடப் பொருத்தமாக எது கிடைக்கும்? இரண்டு மழைக்காலம் பார்த்ததும் அவருக்கு ஞானம் வந்து விற்றுவிட்டார். வெங்கிடேஷ் வாங்கினான். வைகாசி நடுவில் பிடிக்கிற இடவப்பாதி மழைக்கு ஓட்டுகிறவர் பக்கம் ஒழுகும். ஐப்பசியில் வருகிற துலா மழைக்கு மற்றப் பக்கம். பாரபட்சம் கிடையாது.

வாங்கின அன்றைக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துக் கற்பூரம் காட்டியது நான்தான். அதற்குப் பிறகு அவன் அந்தக் காரில் மாற்றாத பாகம் இல்லை. நான் கற்பூரம் காட்டியது இந்தக் காருக்குத்தானா என்று பிள்ளையாருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

முதலில் வண்டியைத் தாழ்த்தினான். ஒரு வண்டி தரையிலிருந்து உயரமாக இருப்பது குற்றம் என்று எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது. தாழ்த்தியதும் தெருமுனை ஹம்ப்பில், அதாவது வேகத்தடை மேட்டில், வயிறு தட்டியது. அதனால் பின்னால் இரண்டு பலாப்பலகை எப்போதும் இருக்கும். இறங்கிப் பலகையைப் போடுவான், ஏறிக் கடப்பான், மறுபடி இறங்கிப் பலகையை எடுப்பான். பின்னால் நிற்கிற ஆட்டோக்காரர்கள் அதற்குள் அவன் ஏழு தலைமுறையையும் விசாரித்து முடித்திருப்பார்கள்.

பிறகு புகைக்குழாய். சாயங்காலம் அவன் ஸ்டார்ட் செய்தால் தீபாராதனை மணி கேட்காது. குருக்கள் கற்பூரத்தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவன் முனை திரும்பட்டும் என்று காத்திருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கழற்றிய சாமான்களையும் எறிய முடியாது. வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோகும்போது எல்லாம் பழையபடி இருக்க வேண்டுமாம். ஆகையால் ஜப்பான்காரன் கொடுத்தனுப்பிய ஸ்பிரிங்கும் குழாயும் சீட்டும் பரணில், கொலு பொம்மைப் பெட்டிகளுக்கு நடுவில் வாசம் செய்கின்றன. நவராத்திரிக்கு வாலாம்பாள் தசாவதார செட்டை எடுக்கப் பரண் ஏறினால் சைலன்சரோடு இறங்கி வருவாள்.

அந்தச் சீட்டை மாற்றி அவன் போட்ட புதுச் சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். பந்தயக்காரர்கள் உட்காருவது. ஆழமாக, இரண்டு பக்கமும் விலாவைப் பிடித்துக்கொண்டு இருக்கும். உட்காருவது சுலபம். தானாகவே உள்ளே போய்விடும். ஒரு ஏகாதசியன்று தாயாரைக் கோயிலுக்குக் கூட்டிப்போனான். திரும்பி வந்தபோது அவளால் எழுந்திருக்க முடியவில்லை. நான் ஒரு கை, காய்கறிக்காரர் ராஜையன் ஒரு கை, இரண்டு பேரும் இழுத்துத்தான் வெளியே எடுத்தோம். தெருவே நின்று பார்த்தது.

"ஏண்டா, என்னை வெளிய எடுக்க ரெண்டு ஆம்பளை வேணுமாக்கும்? இது காரா, கிணறா?" என்றாள் வாலாம்பாள்.

"வேகமா வளைக்கறச்சே ஆள் அசங்கப்படாதும்மா. அதுக்காக்கும்."

"எங்கடா வளைச்சே? பலகை மேல ஏறி இறங்கினே. மதி, போதும். இனிமே நான் ஆட்டோல போய்க்கறேன்."

கடைசியாகக் கிளட்ச். எஞ்சின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொடுப்பதும் தடுப்பதும் அதுதானாம். நன்றாக இருந்ததை எடுத்துவிட்டு, பந்தயக் கார்களுக்குப் போடுகிறதைக் கழக்கூட்டம் மெக்கானிக் ஷிபுவிடம் சொல்லிப் போட்டுக்கொண்டான். ஷிபு தெய்வ பயம் உள்ளவர், தன் மலையாளத் தமிழில் முதலிலேயே சொல்லிவிட்டார்.

"சாரே, இது மெல்லப் போற கிளட்ச் அல்ல கேட்டோ. ஒண்ணுகில் நிக்கணும், இல்லெங்கில் பறக்கணும். நடுவில வெச்சா கரிஞ்சு போகும்."

"அதுதான் ஷிபு எனக்கும் வேணும்" என்றான் வெங்கிடேஷ். அப்போது அவன் வயது முப்பத்தாறு. ஜாதகம் ஆறு வருஷமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. பெண் வீட்டுக்காரர்கள் வருவார்கள், பையனைப் பார்ப்பார்கள், திருப்தியாகத் தலையாட்டுவார்கள். பிறகு அவன் காரைக் காட்டுவான். ஒரு மாமி மட்டும், "குழந்தை பொறந்தா எங்கே உக்காரும்?" என்று கேட்டுவிட்டுப் போனாள். மற்றவர்கள் கேட்காமலே போனார்கள்.

பகவான் கண் திறந்தார். கரமனையிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி ஜாதகம் வந்தது. பாங்கில் வேலை. அப்பா ரிட்டையர்டு போஸ்ட்மாஸ்டர். ஊரில் எல்லோருக்கும் போஸ்ட்மாஸ்டர் மாமா. பெண் பார்க்கப் போன அன்று பஜ்ஜி போட என்னைத்தான் அழைத்திருந்தார்கள். இருவரையும் தனியாகப் பேசவிட்டதில் வெங்கிடேஷ் அரைமணி நேரம் காரைப் பற்றிப் பேசினான். அந்தப் பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"ஓடுமோ?"

அவளுக்கு அவனைப் பிடித்துத்தான் இருந்தது. போஸ்ட்மாஸ்டர் மாமாவுக்குத்தான் காரைப் பிடிக்கவில்லை. ரிஜிஸ்டர் தபாலில் கையெழுத்து வாங்குகிற குரலில் கேட்டார்.

"காரா, பொண்ணா? ஒண்ணு சொல்லிடுங்கோ மாப்ளே."

வெங்கிடேஷ் கொஞ்சம் யோசித்தான். அந்த இடத்தில் யோசித்திருக்கக் கூடாது. வாலாம்பாள் தலையில் கையை வைத்துக்கொண்டாள். நான் கரண்டியோடு சமையலறை வாசலில் நின்று ஸ்லோகம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

ஸ்ரீலக்ஷ்மிதான் காப்பாற்றினாள். "விடுங்கோப்பா. ஜானவாசத்துக்குத் திறந்த கார் வேணுமே, இதுலயே வரட்டும். பெரிய கோயில்லேர்ந்து மண்டபம் வரைக்கும் நடுவில படுத்துக்காம வந்துட்டா, கார் இருக்கட்டும். படுத்துண்டா, கல்யாணம் முடிஞ்ச மறுநாளே வித்துடணும்."

கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், மாப்பிள்ளைக்குக் கோட்டு மாட்டி, மாலை போட்டு, திறந்த காரில் வைத்து, நாதஸ்வரத்தோடு கோயிலிலிருந்து மண்டபத்துக்கு ஊர்வலமாக அழைத்து வருவதுதான் எங்களவர்களில் ஜானவாசம். போஸ்ட்மாஸ்டர் மாமா உடனே விதிமுறை போட்டார். நாதஸ்வரம் நிற்கும்போது கார் நிற்கலாம். நாதஸ்வரம் நடந்தால் கார் நடக்க வேண்டும். சாட்சிக்கு அவரே பக்கத்துச் சீட்டில் உட்காருவார். அவர் சொல்வதே தீர்ப்பு.

வெங்கிடேஷ் சந்தோஷமாகச் சம்மதித்தான். முக்கால் கிலோமீட்டர்தானே. இருநூறில் போகிற காருக்கு முக்கால் கிலோமீட்டர் எம்மாத்திரம்? நாதஸ்வரம் இருநூறில் போகாது என்பது அவனுக்குத் தோன்றவே இல்லை.

கல்யாணத்துக்கு நாலு நாள் முன்பு அவன் என்னிடம் வந்தான். "பிச்சு மாமா, கார் நிக்காம போனா பிள்ளையாருக்கு இருபத்தொரு தேங்காய் உடைக்கறேன்னு எனக்காக வேண்டிக்கோங்கோ." வேண்டிக்கொண்டேன். அன்று சாயங்காலமே வாலாம்பாள் வந்தாள். "அண்ணா, கார் நடுவழியில நின்னுட்டா இருபத்தொண்ணு. எனக்காக வேண்டிக்கணும், அவன்ட்ட சொல்லப்படாது." மகாபாவியான நான் அதையும் வேண்டிக்கொண்டேன். மறுபடி நான் சன்னிதிக்கு வந்தபோது பிள்ளையார் என்ன நினைத்திருப்பாரோ! அவர் முகம் எதையும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஜானவாசம் வந்தது. எட்டு வருஷமாக யாரையும் ஓட்டவிடாதவன் அன்றைக்கு மட்டும் விடுவானா? கோட்டும் ரோஜாமாலையுமாக மாப்பிள்ளையே ஸ்டியரிங் பிடித்தான். போஸ்ட்மாஸ்டர் மாமா அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு பக்கத்துச் சீட்டில் கம்பீரமாக உட்கார்ந்தார். சீட்டு அவரை உள்ளே வாங்கிக்கொண்டது. வெளியே முகமும் விபூதியும் மட்டும் தெரிந்தன. ஷிபு பட்டு வேஷ்டியில் காரோடு கூடவே நடந்தார். நான் அடுப்பில் சேமியாப் பாயசத்தை ஏற்றி, கிளறுகிறவளிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னால் ஓடிவந்தேன்.

முன்னால் செங்கோட்டை வன்னியராஜ் நாதஸ்வரம். நல்ல வித்வான். ஒரு முச்சந்தியைக் கண்டால் போதும், நின்று ஒரு ராகத்தை விரித்துவிடுவார். பிறகு நாலடி நடப்பார். நடக்கிற நடை, கர்ப்பிணி கோயிலைச் சுற்றுகிற மாதிரி.

கார் உறுமியது. வன்னியராஜ் நாலடி வைத்ததும் கார் ஒரே துள்ளலில் தவில்காரர் முதுகுக்குப் பக்கத்தில் வந்து நின்றது. போஸ்ட்மாஸ்டர் மாமாவின் தலை பின்னால் போய் முன்னால் வந்தது.

"மாப்ளே, இது காரா, குதிரையா?"

"கொஞ்ச தூரத்துல செட் ஆயிடும் மாமா."

"கழுத்து இப்பவே செட் ஆயிடுத்து."

"சாரே, கிளட்ச்சை பாதில பிடிச்சு வைக்கண்டா! கரியும்!" என்று ஷிபு கத்தினார்.

"முழுசா விட்டா தவில் மேல ஏறுமே ஷிபு!"

தவில்காரர் அதைக் கேட்டுவிட்டார். அதிலிருந்து அவர் காரைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து வாசித்தார். தாளம் மட்டும் கொஞ்சம் வேகம் பிடித்தது. ஹம்ப் வந்தது. பெண் வீட்டுப் பையன்கள் ராஜாவுக்குக் கம்பளம் விரிப்பதுபோல் இரண்டு பலகையையும் போட்டார்கள். ஜனங்கள் கைதட்டினார்கள். போஸ்ட்மாஸ்டர் மாமாவைப் பார்த்துச் சிலர் கும்பிட்டார்கள். அவரும் உள்ளேயிருந்து ஒரு கையை மட்டும் எடுத்து ஆசீர்வதித்தார்.

பிள்ளையார் கோயில் முச்சந்தியில் வன்னியராஜ் நின்று தோடி எடுத்தார். கால்மணி நேரம். அப்போதுதான் எனக்கு அந்த வாசனை வந்தது. அடிப்பிடிக்கிற வாசனை. எனக்கு உயிரே போனது. எண்ணூறு பேருக்கு வைத்த பாயசம்!

"பாயசமல்ல சாமி, கிளட்ச்சாக்கும்" என்றார் ஷிபு.

"பகவானே, நன்றி!" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். வெங்கிடேஷ் திரும்பி என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இந்த ஜன்மத்தில் மறக்க மாட்டேன்.

தோடி முடிந்தது. நாதஸ்வரம் நடந்தது. கார் உறுமியது, இன்னும் உறுமியது, அடியிலிருந்து வெள்ளையாகப் புகை விட்டது. ஓர் அங்குலம் நகரவில்லை. மண்டபம் நூறடி தள்ளி, சீரியல் லைட்டெல்லாம் போட்டுக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெங்கிடேஷ் எஞ்சினை அணைத்தான். மாலையிலிருந்து ரோஜா இதழ் ஒவ்வொன்றாக அவன் மடியில் விழுந்தது. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பையனைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

வாலாம்பாள் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தாள். "நின்னாச்சு! எல்லாரும் பாத்தேளா? மாமா, நீங்களே சொல்லுங்கோ. இறங்குங்கோ, இறங்கி வந்து சொல்லுங்கோ!"

போஸ்ட்மாஸ்டர் மாமா தீர்ப்புச் சொல்ல எழுந்தார். அதாவது, எழப் பார்த்தார். கதவைப் பிடித்தார். காலை ஊன்றினார். இடுப்பு வரவில்லை. இன்னொரு தடவை மூச்சைப் பிடித்துக்கொண்டு முயன்றார். சீட்டு விடவில்லை. சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் நிற்கிறார்கள். வீடியோக்காரர் லைட்டை அவர் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டிருக்கிறார். ராஜையன் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, "பிடிச்சு இழுக்கவா சாமி? வாலாம்பாள் மாமியை நாங்கதான் இழுத்தோம்" என்று கிட்டே வந்தார்.

போஸ்ட்மாஸ்டர் மாமா ராஜையனைப் பார்த்தார். லைட்டைப் பார்த்தார். பிறகு சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

"யார் சொன்னா நின்னுதுன்னு?"

"மாமா, புகை வரதே!" என்றாள் வாலாம்பாள்.

"புகை வந்தா நின்னதாயிடுமா? நாதஸ்வரம் நடந்தா கார் நடக்கணும், அவ்வளவுதானே பேச்சு. எஞ்சின்ல நடக்கணும்னு நான் சொன்னேனா? என்ன வேடிக்கை பாக்கறேள்? தள்ளுங்கோ!"

ஷிபுவும் ராஜையனும் பெண் வீட்டுப் பையன்களும் தள்ளினார்கள். நானும் ஒரு கை கொடுத்தேன். சும்மா சொல்லக் கூடாது, அந்தக் கார் அன்றைக்குப் போன மாதிரி என்றைக்கும் போனதில்லை. துள்ளல் இல்லை, சத்தம் இல்லை. நாதஸ்வரத்தின் காலோடு கால் வைத்து வந்தது. தவில்காரர்கூட முன்பக்கம் திரும்பிக்கொண்டு நிம்மதியாக வாசித்தார்.

மண்டப வாசலில் ஆரத்தி எடுத்தார்கள். மாப்பிள்ளை இறங்கினான். போஸ்ட்மாஸ்டர் மாமா இறங்கவில்லை. "நீங்கள்லாம் போய் டிபன் சாப்பிடுங்கோ. நான் செத்த காத்து வாங்கறேன்" என்றார். மாடி ஜன்னலிலிருந்து ஸ்ரீலக்ஷ்மி எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, நின்னுதா?"

"நின்னிருந்தா நான் எப்படி இங்க இருப்பேன்?"

அவள் ஷிபுவின் நனைந்த சட்டையைப் பார்த்தாள். புகையைப் பார்த்தாள். அப்பாவின் தலை தெரிகிற உயரத்தைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு சிரித்துவிட்டு, "சரி, இருக்கட்டும்" என்று உள்ளே போனாள். வாசல் காலியானதும் நானும் ராஜையனும் மாமாவை இழுத்து எடுத்தோம்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. வேண்டுதல் எனக்குத்தான் வினையாகிப் போனது. நிற்க வேண்டும் என்றவளுக்குக் கார் நின்றது. நிற்கக் கூடாது என்றவனுக்கு நிற்கவில்லை. நாற்பத்திரண்டையும் உடைத்தேன். வலது தோள் ஒரு வாரம் வலித்தது.

கார் இப்போதும் என் சுவரோரம்தான் நிற்கிறது. புதுக் கிளட்ச் ஜப்பானிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. கல்யாணமான மறுவாரம் போஸ்ட்மாஸ்டர் மாமா வந்து, பரணிலிருந்து பழைய சீட்டை இறக்கிப் போடச் சொன்னார். தன் பக்கத்துக்கு மட்டும். இப்போது ஞாயிறுதோறும் கரமனையிலிருந்து ஆட்டோவில் வந்து இறங்குகிறார். கூரையை மடக்கச் சொல்லி, காரில் உட்கார்ந்து பேப்பரை முழுதும் படிக்கிறார். படித்து முடித்ததும் யார் கையையும் பிடிக்காமல் தானே எழுந்து, தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காப்பிக்கு உள்ளே போகிறார்.