கண்ணாடியில் நான்கு கட்டங்கள்

கொஸ்லந்தைக்கு அருகே மண் சரிந்து எங்கள் பஸ் நின்றுவிட்டது. பக்கத்தில் மஃப்ளர் சுற்றிய ஒரு பெண். தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் சுகாதார ஆய்வு செய்பவராம். ஆவி படிந்த ஜன்னலில் விரலால் நான்கு கட்டம் போட்டார்: குறுக்கே மேல் லயம், கீழ் லயம்; நெடுக்கே இருமுகிறவர், இருமாதவர்.

"லயத்துக்கும் இருமலுக்கும் சம்பந்தமே இல்லன்னா ஒவ்வொரு கட்டத்துலயும் எத்தன பேர் இருக்கணும்னு மொதல்ல பாப்போங்க. உண்மையில இருக்கிறது அதுலருந்து ரொம்ப விலகியிருந்தா, தற்செயல்னு சொல்ல முடியாது. புள்ளிவிவரத்துல இத கை-வர்க்கச் சோதனை, அதான் கை-ஸ்குவேர் டெஸ்ட்டும்பாங்க."

"விலகியிருந்துச்சா?"

"ரொம்ப. கீழ் லயத்துலதான் இருமல் அதிகம்."

"நீங்க எந்த லயம்?"

"கீழதாங்க. மேல எடமில்ல."

கொண்டக்டர் கதவைத் திறந்தார். இறங்கிப் போக வழியில்லை, காற்றுதான் வந்தது. கண்ணாடி தெளிந்து கட்டங்கள் மறைந்தன.

அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினார். அந்த மூச்சு கண்ணாடியில் படிய, நான்கு கட்டங்களும் அப்படியே திரும்பி வந்தன.