அப்பா போன் செய்தால்தான் கேட் திறக்கும்

என் அறைத்தோழி செத்த வாரம் பல்கலைக்கழகமே அழுதது. அதைப் பொய் என்று சொல்ல மாட்டேன். செய்தி வந்த அன்று மதியம் ஆண்கள் விடுதியில் யாரும் சாப்பிடவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை பேசியிராத பையன்கள்கூட மெழுகுவத்தி ஏந்தி நின்றார்கள். நூலகத்துக்கு முன்னால் பிளக்ஸ் வைத்தார்கள். அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கியதில் அவள் முகம் ஊதிப்போய்த் தெரிந்தது. அதற்கு மாலை போட்டு, ஊதுபத்தி கொளுத்தி, எல்லாரும் தலைகுனிந்து நின்றோம். துணைவேந்தர் மைக்கில் "நம் வீட்டுப் பெண்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நம் வீட்டுப் பெண்ணை அவர்கள் வைத்திருந்த லட்சணம் இதுதான். அவளுக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டும் இறங்கவில்லை. ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்ததும் பயந்துபோய், சாயங்காலம் அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். திண்டுக்கல் போய் டாக்டரைப் பார்க்க வேண்டும். எங்கள் பெண்கள் விடுதியில் ஒரு சட்டம் உண்டு. மாலைக்குப் பிறகு வெளியே போக வேண்டுமென்றால் அப்பா போனில் வந்து சரி சொல்ல வேண்டும். ஓட்டுப் போடும் வயசு, முதுகலைப் படிப்பு, எதுவும் செல்லாது. பையன்களுக்கு இந்தச் சட்டம் கிடையாது.

வார்டன் அலுவலக போனிலிருந்து அவள் அப்பாவை அழைத்தார். அவள் ஒருநாளும் வெளியே போகக் கேட்டதில்லை, அதனால் அந்த அலுவலக எண் அவள் அப்பா பார்த்திராத எண். மணி அடித்தது, கட் ஆனது. வார்டன் போனை வைத்துவிட்டார். அவள் தன் போனில் அடித்துப் பார்ப்பதற்குள் அங்கே போன் அணைந்திருந்தது. ஊரில் மழை, கரண்ட் இருக்காது, சார்ஜ் தீர்ந்திருக்கும் என்றாள். அந்த வீட்டில் இருப்பதே ஒரு போன்தான்.

நான் கத்தினேன். வாட்ச்மேன் சிரித்தார். "காய்ச்சல்னு சொல்லிட்டு வத்தலக்குண்டு பஸ் ஏறிக் கொடைக்கானல் போன ஆளுகளையெல்லாம் பாத்தாச்சு பாப்பா. அப்பாவப் பேசச் சொல்லு, நானே ஆட்டோ புடிச்சுத் தாரேன்."

அறைக்குத் திரும்பினோம். காலையில் குளியலறையில் மயங்கி விழுந்தாள். விழுந்ததும் யார் அனுமதியும் தேவைப்படவில்லை. கேட்டை அகலத் திறந்து ஆம்புலன்ஸை உள்ளே விட்டார்கள். டெங்கு என்றார்கள். மறுநாள் செத்துப்போனாள்.

துக்கம் கேட்கத் துறையிலிருந்து பஸ் கிளம்பியது. அவள் ஊர் குஜிலியம்பாறையிலிருந்து இன்னும் உள்ளே தள்ளி. வழியில் துறைத் தலைவர் எழுந்து நின்று, அந்தக் குடும்பம் நொந்துபோயிருக்கிறது, கண்டதைப் பேசி இன்னும் நோகடிக்காதீர்கள் என்றார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவள் அப்பா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு வந்தார். துறைத் தலைவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லையே, சொல்லியிருந்தால் அப்போதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருப்போமே என்றார். கூசாமல் சொன்னார். அப்பா தலையாட்டினார். பிறகு என்னிடம் வந்தார்.

"பக்கத்துல படுத்திருந்த ஒங்கிட்டயுமா சொல்லல தாயி? அம்புட்டு அழுத்தக்காரியா எம்புள்ள?"

மகளே தன் சாவைத் தேடிக்கொண்டாள் என்று நினைத்துக்கொண்டு இந்த மனுஷன் மிச்ச காலத்தைக் கழிக்க வேண்டுமா? என்னால் முடியவில்லை.

"சொன்னாப்பா. கேட்டு வரைக்கும் நடந்தே வந்தா. நீங்க போன்ல சொன்னாத்தான் விடுவோம்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஆபீஸ்ல இருந்து உங்களுக்கு அடிச்சாங்க. கட் ஆயிருச்சு."

துறைத் தலைவரின் முகம் கறுத்தது. இப்போது அப்பா அவர் சட்டையைப் பிடிப்பார் என்று நினைத்தேன். பிடிக்கட்டும் என்றுதான் நினைத்தேன்.

அப்பா தன் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். பட்டன் போன். அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"காட்டுல இருந்தேன். ஏதோ புது நம்பரு. லோன் வேணுமா, பிளாட்டு வேணுமான்னு நாள்பூரா அடிக்கிறாய்ங்கல்ல, அவய்ங்கன்னு நெனச்சு நாந்தான் கட் பண்ணேன். மறுபடி அடிச்சாகளா?"

"இல்லப்பா. ஒரு தடவதான்." துறைத் தலைவர் காதில் விழட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"அந்த ஒரு தடவ நான் எடுத்திருக்கணும்" என்றார்.

உங்கள் தப்பில்லை, அந்தச் சட்டத்தின் தப்பு, அதைப் போட்டவர்களின் தப்பு என்று என்னென்னவோ சொன்னேன். அவர் காதில் ஏறவில்லை. உள்ளே போய்விட்டார். அவள் அம்மாவிடம் அதைச் சொல்லும் குரல் கேட்டது. அதற்குப் பிறகு அந்தம்மா அழுத அழுகை வேறு மாதிரி இருந்தது. துறைத் தலைவர் முகத்தில் நிம்மதி வந்ததை நான் பார்த்தேன். சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக் கூடாது. சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறினோம்.

சட்டம் மாறவில்லை. பிளக்ஸை எடுத்த பிறகு பெற்றோர் எல்லாருக்கும் குறுஞ்செய்தி அனுப்பினார்கள். விடுதி எண்ணைப் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள், அழைத்தால் தவறாமல் எடுங்கள் என்று. பட்டியலிலிருந்து அவள் அப்பாவின் எண்ணை நீக்க யாருக்கும் தோன்றவில்லை, அவருக்கும் அது போயிருந்தது. அன்றைக்கே அவள் போனிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. திரையில் அவள் பெயர்.

"நம்பரப் பதிஞ்சுட்டேன் தாயி" என்றார் அவள் அப்பா. "இனி அடிச்சா எடுத்துருவேன்னு அங்க சொல்லிரு."

சரிப்பா என்றேன்.