தாய்மொழி: மேற்படி

காலை 6.20க்குக் கணபதியில் சத்தியமங்கலம் பேருந்தில் ஏறினோம். ஆளுக்கு ஐம்பது ரூபாய் டிக்கெட். உடன் வந்தவர் மருதி, எங்கள் தெருவில் குடியிருக்கும் இருளர் பெண். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு மோட்டார் பட்டறையில் காயில் கம்பி சுற்றுகிறார். அவருடைய மலையூர்ப் பள்ளிக்கு, குழந்தைகளின் மொழியிலேயே சொல்லித்தர ஓர் ஆசிரியர் போடப்போகிறார்கள். ஆனால் அதற்கான வரைவுப் பட்டியலில் அந்த ஊரின் தாய்மொழி ‘தமிழ்’. அது அப்படியே நின்றால் பணியிடமே கிடையாது. ஆட்சேபிக்க அன்றுதான் கடைசி நாள்.

அன்னூர் தாண்டியதும் எனக்குப் பாடம் நடந்தது. இருளர் மொழி திராவிடக் குடும்பத்தில் தமிழுக்கு நெருங்கிய சொந்தம், ஆனால் தனிக்குடித்தனம். நாக்கை முன்னே தள்ளாமல், பின்னே இழுக்காமல், வாயின் நடுவில் நிறுத்திச் சொல்லும் உயிரொலிகள் அதில் உண்டு. நம் நெடுங்கணக்கில் அவற்றுக்கு எழுத்தில்லை. நானும் முயன்றேன்.

“சார், பல்லு வலிக்குதுங்களா?” என்றார் மருதி.

10.15. சத்தியமங்கலம் தாலுகா அலுவலகம். எழுத்தர் மனுவைத் தொடவேயில்லை.

“ஏனுங்க சார், இது நம்ம தமிழுதானுங்க. கொஞ்சம் இழுத்துப் பேசுவாங்க, அவ்வளவுதான்.”

“அப்ப வாங்க மாட்டேன்னு காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. போயிர்றோம்.”

எழுத்து மூலம் மறுக்க எந்த எழுத்தருக்கும் கை வராது. முப்பத்து நான்கு ஆண்டு குமாஸ்தா வேலையில் நான் கற்ற ஒரே தத்துவம் அது. அவர் எழுதவில்லை. பீரோவிலிருந்து பழைய கணக்கெடுப்புப் பதிவேட்டை எடுத்து விரித்தார்.

“அந்தக் காலத்துலயே எழுதி வெச்சிருக்காங்க, பாருங்க.”

முதல் வரியில் தாய்மொழி: தமிழ். கீழே பக்கம் முழுக்க மேற்படி, மேற்படி. அடியில் என் கையெழுத்து. இங்கே வேலை பார்த்தபோது, மலையேற அலுப்புப்பட்டு அடிவாரத்து டீக்கடையில் உட்கார்ந்து நிரப்பியது.

“உங்க எழுத்துங்களா சார்?”

“ஆமா அம்மணி.”

மருதி விரலால் ஒரு வரியைத் தொட்டார். “எங்கப்பன் பேருக்கு நேராவும் மேற்படிதானுங்க.”

எழுத்தர் சிரித்தார். நான் ஒரு வெள்ளைத்தாள் கேட்டேன். ‘இப்பதிவை எழுதியவன் நானே. அவ்வூரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. எனவே இது செல்லாது’ என்று எழுதி, பெயர், பழைய பதவி, ஓய்வூதிய எண் எல்லாம் போட்டுக் கையெழுத்திட்டு, மனுவோடு இணைத்தேன்.

“பென்சனுக்கு வம்பாயிருங்க சார்.”

“மெமோ எனக்கு வரட்டும். நீங்க சீல் வைங்க.”

11.50க்கு நகலில் சீல் விழுந்தது.

திரும்பும்போது புளியம்பட்டி தாண்டியதும் மருதி, “மெமோ வந்தா சொல்லுங்க சார். நானும் வாரேன்” என்றார்.

கணபதியில் இறங்கி வீட்டுக்கு நடந்தேன். எங்கள் வீட்டில் பேசுவது தெலுங்கு. கணக்கெடுக்க வந்தவர்களிடமெல்லாம் தெலுங்கு என்றோம். தெலுங்கு என்றே எழுதிக்கொண்டார்கள். அதற்காக நான் ஒருநாளும் பேருந்து ஏறியதில்லை.