மேடைக்கு வராத மெர்பாடி

மூன்று வருடங்களுக்கு முன்பு, நாமக்கல்லில் இருந்து எருமப்பட்டி போகும் வழியில் உள்ள ஒரு கோழிப்பண்ணையில் நான் அலுவலக வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. இப்போது சொன்னால் எனக்கே சிரிப்பு வருகிறது.

எங்கள் முதலாளி கோவையில் ஏதோ கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தார். வந்ததில் இருந்து, "எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல அட்டவணையாப் பாக்கோணும் அம்மிணி" என்பதே பேச்சு. என்னைச் சேலத்தில் ஒரு பத்து நாள் கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பினார். நாற்பது வயதில் நோட்டும் பேனாவுமாக பஸ் ஏறிப் போய்க் கற்றுக்கொண்டேன். பட்டியலை அங்கே சொல்லிக்கொடுத்த சாஃப்ட்வேரில் ஏற்றி, பெயரை ஒரு கட்டத்திலும் எண்ணிக்கையை இன்னொரு கட்டத்திலும் மவுஸால் இழுத்துப் போட்டால் போதும். ஆயிரக்கணக்கான வரிகள் சுருங்கி ஒரு சின்ன அட்டவணையாக நிற்கும். முதல்முறை அது வந்தபோது, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு எனக்கு நானே கைதட்டிக்கொண்டேன்.

முதலாளி கொடுத்த முதல் வேலை, வருடம் முழுக்க அதிகமாக முட்டை எடுத்தது யார், குறைவாக எடுத்தது யார் என்று பார்ப்பது. முதல் ஆளுக்கு ஆண்டு விழாவில் கிரைண்டரும் கேடயமும். கடைசி மூன்று பேரை விழா முடிந்ததும் வேலையை விட்டு நிறுத்திவிடுவது. அதுவரை யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்றார்.

சூப்பர்வைசர்கள் கையால் எழுதிய ஷெட் நோட்டுகளை ஒரு டைப்பிங் சென்டரில் கொடுத்து, ஆங்கில எழுத்தில் அடித்து வாங்கினேன். தேதி, ஷெட் நம்பர், முட்டை எடுத்தவர் பெயர், எத்தனை அட்டை. அட்டை என்றால் முப்பது முட்டை அடுக்குகிற தட்டு.

அட்டவணை வந்தது. முதல் இடத்தில் ஒரு பெயர். 'மெர்பாடி' என்று படித்தேன். எங்கள் பண்ணையில் வடநாட்டுக்காரர்கள் நிறைய பேர் இருக்கிறார்கள். ஒடிசா பக்கத்துப் பெயராக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். இரண்டாம் இடத்தில் இருந்தவரைப் போல மூன்று மடங்கு அட்டை எடுத்திருந்தார். கொஞ்சம் இடித்தது. ஷெட் வாரியாகப் பிரித்துப் பார்த்தேன். மூன்று ஷெட்டுகளில் வேலை செய்திருந்தார். முதலாளியிடம் காட்டியதும் அவர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார்.

"ஒத்த ஆளு மூணு ஷெட்டா! இவனல்லோ வேலைக்காரன்!"

கடைசி மூன்று இடங்களிலும் பெண்கள். அதில் ஒரு அக்கா தினமும் என்னோடு ஒரே டவுன் பஸ்ஸில் வருகிறவர். மனசு கேட்காமல் மறுநாள் பஸ்ஸில் மெதுவாக விசாரித்தேன், "ஏங்க்கா, இந்த வருசம் லீவு நெறயப் போட்டீங்களா?"

"ஏனுங்க மேடம் அப்படிக் கேட்டுப்போட்டீங்க? எம்பட மவ கல்யாணத்தன்னைக்கே முட்டை எடுத்துப்போட்டுத்தானுங்க மண்டபத்துக்குப் போனேன். தெனமும் ஒரே பஸ்ஸுலதான வாறோம்?"

வாஸ்தவம்தான். ஆனால் பஸ்ஸில் வருவது வேறு, ஷெட்டில் வேலை செய்வது வேறு என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். கம்ப்யூட்டருக்கு அந்த அக்கா மேல் என்ன விரோதம் இருக்கப்போகிறது? அன்றைக்கே மூன்று பேருக்கும் வேலை நீக்கக் கடிதம் அடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்.

விழா காலை பத்து மணிக்கு, ஷாமியானா போட்டு அமர்க்களமாக நடந்தது. மைக் பிடித்தவர் எங்கள் சூப்பர்வைசர்களில் ஒருவர். உறையைப் பிரித்து, "மிஸ்டர் மெர்பாடி! மேடைக்கு வாங்க!" என்றார். யாரும் வரவில்லை. "மெர்பாடி கிதர் ஹை?" என்று இந்தியிலும் கேட்டுப் பார்த்தார். வடநாட்டுத் தொழிலாளர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் எல்லாருமாகச் சேர்ந்து ஒரு உயரமான ஆளை முன்னால் தள்ளிவிட்டார்கள். முதலாளி பொன்னாடை போர்த்தினார். கைதட்டல் காதைப் பிளந்தது.

"உம்பட பேரு மெர்பாடிதானப்பா?"

"நஹி சார்" என்று அவர் சிரித்தபடி வேறு ஒரு பெயரைச் சொன்னார். தீவன மில்லில் மூட்டை தூக்குகிறவராம். முட்டைப் பக்கமே வந்ததில்லை. போர்த்திய பொன்னாடையைத் திருப்பிக் கேட்கவும் முடியாமல் முதலாளி என் பக்கம் திரும்பினார். "அந்த ஷெட் நோட்ட எடுத்துட்டு வா அம்மிணி."

ஓடிப்போய் எடுத்து வந்தேன். சூப்பர்வைசர், முதலாளி, நான், மூன்று பேரும் குனிந்து பக்கங்களைப் புரட்டினோம். மேடையில் டீ கொடுத்துக்கொண்டிருந்த அந்த பஸ் அக்காவும் எட்டிப் பார்த்தார்.

"இது எங்க ஷெட்டு நோட்டுங்களே! மேல எம்பட பேரு. அதுக்குக் கீழ பூராவும் மேற்படி, மேற்படி, மேற்படின்னு நம்ம சூப்பர்வைசர் எழுதியிருக்கறாருங்க."

சூப்பர்வைசர் கையில் இருந்த மைக் அணைக்கப்படவில்லை. ஷாமியானா முழுக்க மூன்று 'மேற்படி'யும் கணீரென்று கேட்டது. அப்புறம் எழுந்த சிரிப்பில் ஷெட்டுக் கோழிகளும் சேர்ந்து கத்தின.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. மற்ற சூப்பர்வைசர்கள் ஒவ்வொரு வரியிலும் பெயர் எழுத, மைக் பிடித்த இவர் மட்டும் சோம்பல்பட்டு, பக்கத்தின் முதல் வரியோடு நிறுத்தியிருக்கிறார். டைப்பிங் சென்டரில் 'மேற்படி'யை அப்படியே ஆங்கில எழுத்தில் Merpadi என்று அடித்துவிட்டார்கள். நான் அதற்கு ஒடிசாவில் ஊர் கண்டுபிடித்துவிட்டேன். முதலாளி சூப்பர்வைசரைப் பார்த்தார். அவர் மைக் ஒயரைப் பார்த்தார்.

"அப்ப நீங்கதானுங்களா அந்த மெர்பாடி?" என்றார் முதலாளி அக்காவிடம்.

"நான் மட்டும் இல்லீங்க ஐயா. அவரு பாக்கற மூணு ஷெட்டுலயும் ஷெட்டுக்கு ஒருத்தரா நாங்க மூணு பேருங்க."

என் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த மூன்று பெயர்களும்தான் என் கைப்பையில் இருந்தன. லீவு போட்டிருந்தால் நடுவில் வேறொருவர் பெயர் வந்து, மறுபடி இவர்கள் பெயரை எழுதியிருப்பார். லீவே போடாததால் அவர்கள் பெயர் பக்கத்துக்கு ஒருமுறைதான் வந்திருக்கிறது. முதலாளியைத் தனியே அழைத்துக் கடிதங்களைக் காட்டினேன். அவர் முகம் சுண்டிவிட்டது. "கிழிச்சுப் போடு" என்றார். அன்று மதியமே இன்னும் இரண்டு கிரைண்டர் வந்தது. கேடயத்தில் பெயரை மாற்றித் தருகிறோம் என்றதற்கு, மெர்பாடியே இருக்கட்டும் என்று மூவரும் சிரித்துவிட்டார்கள்.

மறுநாள் பஸ்ஸில், உட்கார்ந்திருந்த அக்காவின் பக்கத்தில் நின்றபடியே கடித விஷயத்தைச் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

"என்னையக் கேட்டீங்கல்ல மேடம்? கேட்டதுக்கு, நான் சொன்னத நம்பியும் இருக்கலாமுங்க" என்றார். பிறகு ஜன்னல் பக்கமாக நகர்ந்து, "நிக்காதீங்க, உக்காருங்க" என்றார்.

இப்போது வேறு கம்பெனியில் இதைவிடப் பெரிய அட்டவணைகளெல்லாம் போடுகிறேன். ஆனால் கடைசி வரியில் நிற்கும் பெயருக்கு உரியவரை நேரில் பார்த்து, அவர் சொல்வதை முழுதாகக் காது கொடுத்துக் கேட்காமல், எந்த அட்டவணையையும் யார் மேசைக்கும் அனுப்ப எனக்கு மனசு வருவதில்லை.