கழுவக் கூடாத மணல்

ஆயுத பூசைக்கு முந்தின நாள் ஆலையில் எல்லாவற்றையும் கழுவுவார்கள். ஸ்ரீ சிட்டிப் பக்கம் புதிது புதிதாக ஆலைகள் வந்துகொண்டிருந்த காலம் அது. நான் திருப்பதியிலிருந்து தினமும் போய்வந்து, ஒரு பிஸ்கட் ஆலையின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று சாப்பிட்டுவிட்டுத் திரும்பியபோது பிளீச்சிங் பவுடர் நெடி மூக்கில் ஏறியது. அது என் சுத்திகரிப்புப் பக்கமிருந்து வந்தது.

எங்கள் சுத்திகரிப்பு ஓர் உயரமான இரும்பு உருளைக்குள் நடந்தது. அடியிலிருந்து பம்பு தள்ளும் நீரில் மணல் கீழே படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு மணல் துகளின் மேலும் வழவழவென்று ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் கழிவைத் தின்பவை. அந்த வழவழப்பை வளர்க்க எனக்கு ஐம்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. அது செத்தால் கழிவுநீரை விட இடமில்லை. ஆலையை நிறுத்த வேண்டியதுதான்.

உருளையின் பத்தொன்பது படியும் ஏறினேன். மேல்தட்டில், விஜயபுரத்துப் பக்கமிருந்து கம்பெனி பஸ்ஸில் வரும் துப்புரவுத் தொழிலாளி வாளியோடு நின்றிருந்தார்.

"பவுடர் எத்தனை குவளை போட்டேம்மா?"

"ரெண்டுதான் சார். மணலு ஒரே பாசி. பூசை நாளுல இப்டியே உடுவாங்களா?"

"அது பாசி இல்லம்மா. அதுதான் இங்க வேலை செய்யுது."

"குளிக்காமகூட வேல செய்யுமா? இன்னா சார் நீ!" என்றார். ஆனாலும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

கழிவு வரும் வால்வை மூடினேன். மேலே வழிகிற நீரைத் திரும்ப உள்ளே விடாமல் காலித் தொட்டிக்குத் திருப்பிவிட்டு, அடியில் போர்வெல் தண்ணீரைக் கொடுத்தேன். வேகம் கூடினால் மணலே வழிந்துவிடும். குறைந்தால் அடியில் இறுகிவிடும். நான்கு மணி நேரம் வால்வை விட்டு நகரவில்லை. இடையிடையே அந்தம்மாவை நீர் மாதிரி எடுத்துவரச் சொல்லி, பவுடரின் குளோரின் இன்னும் இருக்கிறதா என்று குப்பியில் சொட்டு மருந்து விட்டுப் பதினோரு தடவை பார்த்தேன்; இருந்தால் நீர் மஞ்சளாகும். பதினோராவது தடவைதான் குப்பியில் மஞ்சள் நிறம் வரவில்லை.

மறுநாள் எல்லா மெஷினையும் நிறுத்திப் பொட்டு வைத்தார்கள். என் பம்பு மட்டும் ஓடியது. அந்தம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

"அதுக்கு மட்டும் லீவு இல்லியா சார்?"

"நின்னா மிச்சம் இருக்கறதும் மூச்சு முட்டிச் செத்துடும்."

கழிவு வராமல் அவை பட்டினி கிடக்கக் கூடாதென்று, பூசைக்கு வந்த வெல்லத்தில் ஒரு கட்டியைக் கரைத்து உள்ளே விட்டேன்.

"சாமிக்கு முந்தியே இதுங்க துன்னுதா!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, ஸ்விட்ச் பெட்டிக்குச் சந்தனம் வைத்தார்.

மூன்றாம் நாள் காலை இருபது மணல் துகளை எடுத்து லென்ஸில் பார்த்தேன்.

"ஏழு வழுக்கை," என்றேன்.

"உன்னையும் சேத்தா எட்டு சார்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னும் இருபது எடுத்தேன். அதில் எட்டு வழுக்கை. ஆக நாற்பதில் இருபத்தைந்தில் வழவழப்பு இருந்தது. இதை வைத்தே வளர்த்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கழிவு வால்வைக் கால் சுற்று திறந்தேன். அரைச் சுற்றுக்கு இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட உட்கார்ந்தேன்.