‘அப்படின்னா’ மாப்பிள்ளை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. நாற்பது டன் தூக்கும் கிரேனை முப்பது வருஷம் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவனும் நானே. இந்த யார்டில் அப்படி இன்னொருவனைக் காட்டினால் மீசையை எடுத்துவிடுகிறேன். ஆனால் இங்கே எழுத வந்தது, கீழே நின்று எனக்குக் கை காட்டிய என் தங்கை வீட்டுக்காரரைப் பற்றி.

யார்டில் அவருக்குப் பெயர் ‘அப்படின்னா’. சரக்கு இறக்க நாலு தேசத்து ஆட்கள் வருவார்கள். யார் புதிதாக ஒரு வார்த்தை பேசினாலும் பக்கத்தில் போய், “அப்படின்னா?” என்பார். டீ ஆறிப்போகும், கேள்வி ஆறாது. வேலை என்று வந்துவிட்டால் வாய் திறக்கமாட்டார். கைதான் பேசும்.

புது மேனேஜர் அதற்கு வேட்டு வைத்தார். எல்லோருக்கும் வாக்கி டாக்கி கொடுத்தாயிற்று, சிக்னல்காரர் வெள்ளிக்கிழமையோடு நின்றுகொள்ளலாம் என்றார். ஐம்பத்துநாலு வயதில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்? தங்கைக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை மாப்பிள்ளை மேனேஜரைப் பிடித்தார். பேசியதெல்லாம் கிரேன் கூண்டில் என் வாக்கி டாக்கியில் கேட்டது.

“சார், ஸ்டாப்புன்னா எல்லாருக்கும் தெரியும். தூக்கறதுக்கு என்ன சொல்லுவீங்க?”

“‘மேல’ன்னா போதாதா?”

மாப்பிள்ளை ஆட்களிடம் திரும்பினார். “உங்க பாஷைல ‘மேல’, அப்படின்னா?”

“ஆப்பிள்,” என்றான் ஒருவன்.

“எங்களுக்குச் சந்தைக் கூட்டம்,” என்றான் தாடிக்காரன்.

“புதுசா வர்றவனுக்கு அவன் பாஷைதான் சார் முதல்ல காதுல விழும்,” என்றார் மாப்பிள்ளை.

“கிட்ட வர ‘வா’ன்னு வச்சுக்கலாம்,” என்றார் மேனேஜர்.

“அது எங்க ஊர்ல ‘போ’,” என்றான் ஆப்பிள்காரன்.

“அப்ப உன்னை விருந்துக்குக் கூப்பிட்டா வீட்டுக்குப் போயிடுவியா?” என்றான் தாடிக்காரன்.

“சரி, சரி…” என்றார் மேனேஜர்.

“அது எங்க பாஷைல மஞ்சள் சார்,” என்றான் மூன்றாமவன்.

மேனேஜருக்குப் பொறுமை போய்விட்டது. இரண்டு உள்ளங்கைகளையும் முகத்துக்கு நேரே உயர்த்தினார். சத்தம் அடங்கியது. நான் இறக்கிக்கொண்டிருந்த வெறும் கொக்கியும் பாதியில் நின்றது.

அவர் தன் கைகளைப் பார்த்தார். அண்ணாந்து கொக்கியைப் பார்த்தார்.

“திங்கக்கிழமை நீங்க வழக்கம்போல வந்துடுங்க,” என்றார் மாப்பிள்ளையிடம்.

கொக்கி சட்டென்று நின்றதற்குக் காரணம் என் கை. அதை மாப்பிள்ளையே ஒப்புக்கொள்வார்.