முக்கோணத்தின் மேல்மூலை

பட்டறையில் அவளுக்குத் தூக்குக்குண்டு என்று பெயர். ஆள் ஒல்லிக்குச்சி. அதனால் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், யாரோ கேலிக்கு வைத்த பெயர் என்று நினைத்துக்கொள்வார்கள். விஷயம் அதுவல்ல. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிற பித்தளைக் குண்டு ஒன்று அவள் இடுப்புப் பையில் எந்நேரமும் கிடக்கும். மற்றவர்கள் பொத்தானை அழுத்தினால் எண் காட்டுகிற கருவிக்கு மாறி எத்தனையோ காலமாகிவிட்டது. அவளுக்கு அதில் துளியும் நம்பிக்கை இல்லை. பேட்டரி தீர்ந்துபோகும், பூமி இழுப்பது தீராது என்பது அவள் கட்சி.

இரும்புப் படிக்கட்டுகள் செய்கிற பட்டறை அது. பத்தொன்பது வருடங்களுக்கு முன் துரு சுரண்டும் வேலைக்குச் சேர்ந்தவள், வெல்டிங் கற்று, வெட்டு வேலை கற்று, கடைசியில் அங்கே அவள் கண் படாமல் ஒரு படிக்கட்டும் வெளியே போகாது என்கிற அளவுக்கு வந்துவிட்டாள். இன்ஜினியர் அனுப்புகிற வரைபடத்தை விரித்ததும் சில நாள் முகத்தைச் சுளித்து, "இது சரிவராது" என்பாள். ஏன் என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. பார்த்தாலே தெரிகிறதே என்பாள். அதைக் கேட்டு இன்ஜினியர்கள் சிரிப்பார்கள். படிக்கட்டைச் செய்து, லாரியில் ஏற்றி, கட்டடத்தில் நிறுத்திப் பார்த்து, அது பொருந்தாமல் திரும்பி வந்த பிறகு சிரிப்பு அடங்கும். அதற்காக அடுத்த முறை அவள் பேச்சை யாராவது கேட்டார்களா என்றால் அதுதான் இல்லை.

ஒவ்வொரு வரைபடத்தின் மூலையிலும் 'சரிபார்த்தவர்' என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் போர்மேன்தான் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வருடக் கடைசியில் போர்மேன் ஓய்வு பெறுவதாக இருந்தார். அந்த இடத்துக்கு அவளைவிடத் தகுதியான ஆள் கிடையாது என்பது முதலாளிக்கும் தெரியும், பட்டறைப் பூனைக்கும் தெரியும். ஆனால் கையெழுத்துப் போடுகிறவர் பத்தாம் வகுப்பாவது தேறியிருக்க வேண்டும் என்பது சட்டம். இவளோ பதினாறு வயதில் கணக்கில் இருபத்தொரு மார்க் வாங்கி, பள்ளிக்கூடத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தவள். மறுபடி எழுதுகிறேன் என்று கிளம்பி இரண்டு தடவை எழுதினாள். முதல் தடவை மூன்று மார்க்கில் போயிற்று, அடுத்த தடவை இரண்டு மார்க்கில். இன்னும் ஒரே ஒரு தேர்வு வரைக்கும் காத்திருப்பதாகவும், அதிலும் தவறினால் வெளியிலிருந்து ஆள் எடுப்பதைத் தவிர வழியில்லை என்றும் முதலாளி சொல்லிவிட்டார். அவர் நல்ல மனிதர். அதைச் சொல்ல அவருக்கே மனமில்லை.

காலை வாரியது முக்கோணவியல். மற்ற பாடங்களை அவள் முட்டி மோதி ஒருவழியாகப் பிடித்துவிட்டாள். சைன், காஸ், டேன் என்று ஆரம்பித்தால் மட்டும் எல்லாம் தலைகீழாகப் போயிற்று. இத்தனைக்கும் வாழ்நாளெல்லாம் சாய்ந்த இரும்போடு மல்லுக்கட்டியவள். அந்த அவமானம் அவளுக்குப் பொறுக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் நாத்தனார் களத்தில் இறங்கினாள். எதிர்வீட்டில் இருக்கிறாள், தபால் நிலையத்தில் வேலை, பள்ளியில் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவள். அதை இன்றுவரை யாரையும் மறக்கவிட்டதில்லை. இருவருக்கும் பதினைந்து வருடமாகப் பேச்சு என்றால் குத்தல் பேச்சுதான். உப்பு தூக்கல், புடவை மட்டம், பிள்ளைகளுக்குச் செல்லம் என்று தினம் ஒன்று கிடைக்கும். பஸ் ஓட்டுகிற கணவர், தங்கையும் மனைவியும் ஒரே மேஜையில் உட்கார்ந்ததைப் பார்த்ததும் சமையலைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அடுக்களைக்குள் தப்பித்துப் போனார்.

ஒரு மாதம் ஆயிற்று. தினமும் பத்துக் கணக்கு. நாத்தனார் சிவப்புப் பேனாவால் நோட்டு முழுக்கக் கோடு கிழித்துக்கொண்டே போனாள். ஒரு நாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"இவ்வளவு ஒழுங்கா தப்பு பண்ற ஆள நான் பாத்ததே இல்ல, அண்ணி. கை தவறியாவது ஒண்ணு சரியா வரணும்ல?"

"ரெண்டு சரின்னு போட்டிருக்கியே."

இரண்டு சரியாகத்தான் இருந்தன. நாத்தனார் அவற்றைப் பார்த்தாள். பிறகு முந்தைய நாள் பக்கத்தைத் திருப்பினாள், அதற்கு முந்தைய நாள் பக்கத்தையும் திருப்பினாள். ஒவ்வொரு நாளும் சரியாக வந்தவை எல்லாம் நாற்பத்தைந்து டிகிரிக் கணக்குகள். முப்பதும் அறுபதும் ஒன்றுவிடாமல் தப்பு. ஏதோ புரிகிற மாதிரி இருந்தது, புரியவில்லை. நோட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் மதியம் தபால் நிலையத்தில் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பட்டறைக்கே வந்து நின்றாள். பதினைந்து வருடத்தில் அவள் அங்கே காலடி வைத்தது அதுதான் முதல் தடவை. உள்ளே தூக்குக்குண்டு ஒரு படிக்கட்டின் பக்கவாட்டுச் சட்டத்தைச் சங்கிலியில் தொங்கவிட்டுச் சாய்வு பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டத்தின் மேல்முனையில் கயிற்றைப் பிடித்தாள், குண்டு ஆடி ஆடி நின்றது, கோணமானியைக் கயிற்றோடு சேர்த்து வைத்து எண்ணைப் படித்தாள்.

"அண்ணி, எங்கேருந்து அளக்கறீங்க?"

"கயித்துலேருந்து. வேற எங்கேருந்து அளக்கிறது?"

"தரையிலேருந்து."

"தரையா? அது எந்தக் கட்டடத்துல நேரா இருக்கு? தரைய நம்பி யாராவது அளப்பாங்களா?"

"புத்தகத்துல தரை எப்பவும் நேராத்தான் இருக்கும், அண்ணி."

"அப்ப அது நல்ல கொத்தனார் போட்ட தரை" என்றாள் தூக்குக்குண்டு.

நாத்தனாருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் கிடந்த சாக்குக்கட்டியை எடுத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு செங்கோண முக்கோணம் வரைந்தாள். புத்தகம் கீழ்மூலையில் நின்று மேலே பார்க்கிறது. அண்ணி மேல்மூலையில் நின்று கீழே பார்க்கிறாள். முக்கோணம் ஒன்றுதான், நிற்கிற மூலைதான் வேறு. கீழே நிற்பவருக்கு எதிர்ப்பக்கமாக இருப்பது மேலே நிற்பவருக்கு அடுத்துள்ள பக்கம். அதனால் புத்தகத்தின் சைன் அண்ணிக்குக் காஸ், புத்தகத்தின் காஸ் அண்ணிக்குச் சைன். நாற்பத்தைந்தில் மட்டும் இரண்டு மூலையும் சமம் என்பதால் எங்கே நின்றாலும் விடை ஒன்றே.

தூக்குக்குண்டு குந்தி உட்கார்ந்து படத்தையே பார்த்தாள். சைன் தொண்ணூறு கழித்தல் தீட்டா சமம் காஸ் தீட்டா என்ற முற்றொருமையை அவள் கடுகளவும் புரியாமல் நூறு தடவை எழுதி மனப்பாடம் செய்திருந்தாள். இப்போது அதைக் கீழே எழுதச் சொல்லி, 'தொண்ணூறு கழித்தல் தீட்டா' என்ற இடத்தில் விரலை வைத்தாள்.

"இது நான். இந்த மூலையிலதான் இத்தன வருஷமா நின்னுட்டிருக்கேன்."

அப்புறம் அவளை நிறுத்த முடியவில்லை. ஒரு மீட்டர் கம்பி ஒன்றை எடுத்துச் சுவரில் சாய்த்தாள். கம்பியின் உச்சியை உயர்த்தினால் அடி சுவரை நோக்கி நகர்கிறது, இறக்கினால் விலகுகிறது. ஒன்று ஏற ஒன்று இறங்கினாலும் கம்பி மட்டும் வளர்வதுமில்லை, தேய்வதுமில்லை. சைன் வர்க்கமும் காஸ் வர்க்கமும் கூட்டினால் ஏன் எப்போதும் ஒன்று என்பதை நூற்றுக்கு நூறு வாங்கிய நாத்தனாருக்கே அவள் விளக்கினாள். நாத்தனார் கம்பியை வாங்கித் தானே ஏற்றி இறக்கிப் பார்த்தாள். சூத்திரமாக மட்டுமே தெரிந்திருந்த ஒன்றைக் கண்ணால் பார்த்த சந்தோஷத்தில் மறுபடியும் ஏற்றி இறக்கினாள். வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பட்டறையே சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது.

அன்றிலிருந்து தேர்வு வரை இரண்டு பேருக்கும் அதே பேச்சு. உப்பு மறந்துபோயிற்று. தெருவில் நடந்தால் விளக்குக் கம்பத்துக்கும் நிழலுக்கும் கணக்குப் போட்டார்கள். அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்த கணவர், இவர்கள் சண்டை போட்டபோதாவது தனக்கு என்ன பேசுகிறார்கள் என்று புரிந்தது என்று புலம்பினார்.

தேர்வில் கடைசிக் கணக்கு ஏணி. எட்டு மீட்டர் ஏணி, முப்பது டிகிரி, சுவரில் எவ்வளவு உயரத்தைத் தொடும்? இரண்டு மாதமாகத் தரைக்குப் பழகிய கை எட்டுப் பெருக்கல் சைன் முப்பது, நான்கு மீட்டர் என்று தன்பாட்டுக்கு எழுதி முடித்தது. பேனாவை மூடப்போனவள் கேள்வியை இன்னொரு தடவை படித்தாள். ஏணி *சுவரோடு* முப்பது டிகிரி. தரையோடு அல்ல. அடுத்த நொடி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். கண்காணிப்பாளர் முறைத்தார். அவள் எழுதியதை அடித்துவிட்டு, தன் சொந்த மூலையில் போய் நின்றுகொண்டு, எட்டுப் பெருக்கல் காஸ் முப்பது, கிட்டத்தட்ட ஏழு மீட்டர் என்று எழுதினாள். வெளியே வந்தால் பாதிப் பேர் நான்கு மீட்டர் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அறுபத்தெட்டு மார்க். முடிவு வந்த அன்று நாத்தனார் தபால் நிலையக் கவுண்ட்டரைச் சாத்திவிட்டு ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். மீதி முப்பத்திரண்டு எங்கே போயிற்று என்று கேட்டது கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான்.

போர்மேன் நாற்காலியில் அவள் உட்கார்ந்த முதல் நாள், பட்டறையில் ஒரு வேலையும் நடக்கவில்லை. கணவர் பஸ் சீருடையிலேயே வந்திருந்தார், நாத்தனார் எல்லாருக்கும் இனிப்புக் கொடுத்தாள். முதலாளி புது வரைபடம் ஒன்றை மேஜையில் விரித்து, தன் பேனாவையே திறந்து நீட்டி, முதல் கையெழுத்தை நல்லபடியாகப் போடச் சொன்னார். ஒருவன் போட்டோ எடுக்கத் தயாராக நின்றான். அவள் பேனாவை வாங்கிக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தாள். முகம் சுளித்தது.

"இது சரிவராது."

கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலாளிக்கு வியர்த்தது. வாடிக்கையாளர் அவசரப்படுத்துகிற வேலை அது.

"ஏம்மா?" என்றார்.

பத்தொன்பது வருடமாக அந்தக் கேள்விக்கு அவளிடம் பதில் இருந்ததில்லை. இப்போது பேனாவை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். படிக்கட்டின் நீளம் ஆறு மீட்டர், தரையோடு அறுபது டிகிரி, ஏறவேண்டிய உயரம் மூன்று மீட்டர் என்று வரைபடம் சொன்னது. அவள் ஓரத்தில் ஒரு முக்கோணம் போட்டு, அடியில் ஆறு பெருக்கல் சைன் அறுபது என்று எழுதி, விடையை ஐந்து புள்ளி இரண்டு என்று வட்டமிட்டாள். இப்படியே செய்தால் படி மாடியைத் தாண்டி இரண்டு மீட்டர் ஆகாயத்தில் நிற்கும் என்றாள்.

முதலாளி போனை எடுத்து வரைந்தவரைக் கூப்பிட்டு அந்த இரண்டு வரியையும் வாசித்தார். மறுமுனையில் காகிதம் புரட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, மன்னிக்க வேண்டும், கோணத்தைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன், தரையோடு என்றால் முப்பதுதான் என்று பதில் வந்தது. நாத்தனார் சிரித்துச் சிரித்து நிற்க முடியாமல் பக்கத்து இரும்புப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

திருத்திய வரைபடம் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். 'சரிபார்த்தவர்' கட்டம் அன்றைக்குக் காலியாகவே இருந்தது. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.